வரணும்னுதான் இருந்தேன்

நம்மிடையே ஓர் இனத்தார் வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று தனியாக ஊரோ தெருவோ கிடையாது. எல்லா வீடுகளிலும், குறிப்பாக சோபா உள்ள வீடுகளில், பரவலாகக் காணப்படுகிறார்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பகல் முழுவதும் மற்றவர்களைப் போலவே நடமாடுவார்கள், வேலைக்குப் போவார்கள், நாம் ஓடி வருவதைப் பார்த்தால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு நல்லவர்களாகவும் இருப்பார்கள். மாலையில் எங்காவது போக வேண்டியிருக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். மறுநாள் அவர்களைப் பிடித்து, "நேத்து ஏன் வரல?" என்று கேட்டுப் பாருங்கள். "வரணும்னுதான் இருந்தேன்" என்பார்கள்.

அதில் துளியும் பொய் இல்லை. இருந்தார்கள். எங்கே இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

கல்யாணம், சாவு என்றால் இவர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். வராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வேலைக்குப் போய்விடுவார்கள், போகாவிட்டால் சம்பளம் போய்விடும். இவர்கள் டிமிக்கி கொடுப்பதெல்லாம் தாங்களே ஆசைப்பட்டு, தாங்களே நாள் குறித்து, "கட்டாயம் எல்லாரும் வரணும், கடைசி நேரத்துல யாரும் சாக்கு சொல்லக் கூடாது" என்று தாங்களே மற்றவர்களை மிரட்டி வைத்த இடத்துக்குத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி போர்டு கேம் விளையாடுவது என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். குளித்து முடித்த முகம். "இந்த வாரம் உங்களை விடறதா இல்ல" என்று குழுவுக்குச் செய்தி அனுப்புவார்கள். புதன்கிழமை அதே செய்திக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைச் சேர்ப்பார்கள். வியாழக்கிழமை ஒரு மௌனம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, "அஞ்சே நிமிஷம்" என்று சோபாவில் சாய்வார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று விஞ்ஞானிகள் ஆராய வேண்டும்.

ஏனென்றால் அப்போது வருகிற களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. அது சட்டை மாற்ற விடாது. ஆனால் யாரோ ஒருவர் மரத்தை அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டு ஒரு கட்டில் செய்து முடிப்பதை முதலிலிருந்து கடைசி வரை போனில் பார்க்க விடும். கதவு வரை நடக்க விடாது. ஆனால் சமையலறை வரை நடந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப விடும். அதற்கு நடுவே குழுவுக்கு ஒரு செய்தியும் அனுப்ப விடும்: "எல்லாரும் வர்றீங்கதானே?" மேலோட்டமாகப் பார்த்தால் எவ்வளவு அக்கறை. உண்மையில் அது தூண்டில். யாராவது ஒருவர், யாராவது ஒரே ஒருவர், "இன்னிக்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்ல மாட்டாரா என்று தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் போதும். "அடடா, நான் கிளம்பிட்டே இருந்தேன்" என்று தட்டுகிற விரலில் அப்படி ஒரு சுறுசுறுப்பு தெரியும்.

இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்திய ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்கடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் களைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டறையில் நின்று, வருகிறவர்கள் மூக்கின் மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று கேட்கிற பிழைப்பு. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்பார்கள். "முன்னாடி வச்சதை இன்னொரு தடவை காட்டுங்க" என்பார்கள். கடையிலுள்ள ஃப்ரேம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, போனில் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பி, தங்கை தூங்குகிறாள் என்று நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போவார்கள். தாங்களே உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடியைக் கொண்டுவந்து, "தானாவே வளைஞ்சிடுச்சு" என்று சத்தியம் செய்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி "காபியா, டீயா?" என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று பதில் சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று அவரே விழிப்பார்.

மனைவி மட்டும் என்ன, சும்மா இருக்கிறவரா? டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் செய்யப்போகிற தப்புக்காகத் தன் காலை பிரேக்கின் மேல் தயாராக வைத்திருக்கிற வேலை. அதனால் அவருக்கு அதிகம் பேசப் பிடிக்காது. தேவைப்படுகிறபோது மட்டும் அழுத்துவார்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் நடப்பது மனைவியின் அண்ணன் வீட்டில். மச்சான் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கும், பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கிற ஒரு பல் டாக்டரம்மாவுக்கும், நம்மவருக்கும் சேர்ந்து ஒரு குழு. அவர்கள் விளையாடுவது தீவுகளும் கடலும் வரைந்த ஒரு பெரிய அட்டையில். ஆளுக்கொரு நிறத்தில் குட்டி மரப் படகுகள். உப்பு, கயிறு, பலகை என்று சீட்டுகள். சரக்கேற்றிப் போய்த் தீவுக்குத் தீவு துறைமுகம் கட்டுகிறவர் ஜெயிப்பார். மூன்று பேர் இருந்தால் ஆடலாம், நாலு பேர் என்றால் இன்னும் நல்லது. இரண்டு பேர் என்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போய்ச் சேர்ந்துவிட்டால் நம்மவரைப் போல் ஓர் ஆட்டக்காரர் கிடையாது. நீலப் படகு அவருடையது. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. பெட்டிக்குள் வருகிற விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். வாசலில் செத்துப்போன முகத்தோடு நுழைந்தவர், இரண்டாவது சுற்றில் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்; மூன்றாவது சுற்றில் எழுந்து நின்று ஆடுவார். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் காய்களைப் பெட்டியில் போடப் போனால், கையால் மறித்து, "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்பார். மச்சான் கொட்டாவி விடுவார். பல் டாக்டரம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். மச்சான் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார். இதெல்லாம் நம்மவர் கண்ணில் படாது. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர்.

போவதற்கு முன் பிணம். போன பின் பிசாசு. இந்த இனத்தின் இலக்கணம் இதுதான். போனால் சந்தோஷமாக இருப்போம் என்று தெரியும். போன வாரமும் அப்படித்தான் இருந்தோம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? சோபாவுக்கு அது தெரியவில்லையே.

சில மாதங்களுக்கு முன் அவருக்கு இது ஒரு குறையாகவே பட்டது. தன்னிடம் ஊக்கம் இல்லை, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். எங்கே தேடுவது? போனில்தான். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, "எழுந்து நில், உலகம் உனக்காகக் காத்திருக்கிறது" என்று முழங்கினார். நம்மவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். அவர் முடித்ததும் இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின் வெள்ளைச் சட்டையில் ஓர் அம்மையார். ஊக்கம் மேல் ஊக்கமாக வந்து குவிந்ததில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே தீர்ந்துபோயிற்று.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சொன்னார். "அவங்க எல்லாம் நின்னுக்கிட்டு பேசறாங்க. நீங்க படுத்துக்கிட்டு கேக்கறீங்க. எப்படிங்க ஏறும்?"

அந்த வாரம், கடைக்குச் சரக்கு வந்துவிட்டது என்று செய்தி போனது. அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் தெம்பாகப் போகலாம் என்று கண்ணை மூடினார், விழித்தபோது சனிக்கிழமையாகியிருந்தது. மூன்று வாரமும் மச்சானும் பல் டாக்டரம்மாவும் விரித்த அட்டைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து, வறுத்த கடலையைத் தின்றுவிட்டு, பல்லைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

நான்காவது வெள்ளிக்கிழமை வந்தது. நம்மவர் சோபாவில் கிடந்தார். தலைவலியைச் சொல்லியாகிவிட்டது, சரக்கைச் சொல்லியாகிவிட்டது.

"காய்ச்சல்னு போட்டுடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"களைப்பா இருக்குன்னு போடுங்களேன். அதுதானே நிஜம்."

"களைப்புன்னு சொன்னா யாரு மதிப்பாங்க? எல்லாருக்கும்தான் களைப்புன்னு சொல்லிடுவாங்க. காய்ச்சல்னா ஒரு மரியாதை இருக்கு."

"என்னமோ பண்ணுங்க. ஆனா எங்க அண்ணன் என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்கலைன்னா வாயைத் திறக்க மாட்டேன். அவ்வளவுதான்."

இது போதும் என்று தோன்றியது. "லேசா காய்ச்சல். வரணும்னுதான் இருந்தேன். நீங்க விளையாடுங்க" என்று அனுப்பினார். அந்தக் கடைசி வாக்கியத்தின் பெருந்தன்மையை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு பேரால் விளையாட முடியாது என்று தெரிந்தவர் சொல்கிற பெருந்தன்மை. அவர் இல்லாமல் ஆட்டம் நிற்கும். நின்றுவிட்டதே என்று இரண்டு பேர் வருந்துவார்கள். அந்த வருத்தத்தைப் போர்த்திக்கொண்டு அவர் சுகமாகப் படுத்திருப்பார். இதுதான் கணக்கு.

மச்சானிடமிருந்து பதில் வந்தது. "கவலையே படாதீங்க மாப்ளே. நல்லா ரெஸ்ட் எடுங்க. ஆள் இருக்கு."

நம்மவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஆள் இருக்குன்னா? என்ன ஆள்?"

"அண்ணன் வீட்டு மாடிக்குப் புதுசா குடி வந்திருக்காரே, சர்வேயர். நிலம் அளக்கறவரு. நீங்க மூணு வாரமா போகலைன்னதும் அவரைக் கூப்பிட்டுப் பாக்கலாம்னு அண்ணன் சொல்லிட்டு இருந்தாரு. மூளைக்காரராம்."

"எந்தக் கலர் வச்சு ஆடுவாரு?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

உடம்பு நிஜமாகவே லேசாகச் சுட ஆரம்பித்தது. தான் வராததால் ஆட்டம் நிற்க வேண்டும் என்றுதான் இந்த இனத்தார் ஆசைப்படுவார்கள். தான் வராமலே ஆட்டம் நடக்கும் என்பதை மட்டும் அவர்களால் தாங்க முடியாது.

அவர் அதை நினைத்து மறுகிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அண்ணன் வந்திருக்காரு. டாக்டரும் வந்திருக்காங்க. கூட ஒருத்தர். கையில பெட்டி."

அடுத்த நொடியில் நம்மவர் காட்டிய வேகத்தை வெள்ளிக்கிழமை தோறும் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. படுக்கையறைக்கு ஓடிப் போர்வையை இழுத்து வந்து, சிறு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டு, போனை மெத்தைக்கடியில் செருகி, கதவு திறப்பதற்குள் சோபாவில் கழுத்து வரை போர்த்திப் படுத்துவிட்டார்.

"தங்கச்சி வீட்ல காய்ச்சல்னா வராம இருக்க முடியுமா?" என்றபடி மச்சான் உள்ளே வந்தார். "உங்களைப் பாத்த மாதிரியும் ஆச்சு, வெள்ளிக்கிழமை வீணாப் போகாமலும் ஆச்சு. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க மாப்ளே. நாங்க ஓரமா உக்காந்து சத்தம் போடாம ஆடிட்டுப் போயிடறோம்."

பல் டாக்டரம்மா நேராக நோயாளியிடம் வந்தார். நெற்றித் துண்டை எடுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். ஈரமாக இருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. "வாயைத் திறங்கண்ணா" என்றார். பழக்கதோஷம். போனில் இருந்த விளக்கை அடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"காய்ச்சல் எனக்குத் தெரியல. ஆனா கீழ்க்கடைவாய்ல ஒரு சொத்தை இருக்கு. திங்கட்கிழமை வந்துடுங்க, எடுத்துடலாம்."

பொய்க்குக் கூலி உடனே கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு நம்மவர் வாயை மூடினார். மனைவி ஒரு தட்டில் வெறும் ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தார். சாப்பாட்டு மேஜையில், அதாவது அவர் மூக்குக்கு நேராக, சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்கு வந்து இறங்கியது. காய்ச்சல்காரருக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாதே. மனைவி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அட்டை விரிந்தது. சர்வேயர், வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர், பெட்டிக்குள் பார்த்துத் தயங்கினார். "நீலம் இவரோட கலருன்னு சொன்னீங்களே. நான் பச்சை எடுத்துக்கட்டுமா?"

"அட, எடுத்துக்கங்க சார். மாப்ளே ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு" என்றார் மச்சான். "அவருக்கு இப்ப தேவை தூக்கம்தான்."

நம்மவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர வேறு எதையும் அவரால் நினைக்கவே முடியவில்லை. போர்வையின் ஓரத்தை மூக்கு வரை ஏற்றி, அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தன் படகுகள் இன்னொருவர் விரல்களுக்கிடையே கடலில் இறங்குவதை உயிரோடு பார்க்கும்படி ஆயிற்றே.

ஆட்டம் சூடு பிடித்தது. புயல் சீட்டு விழுந்தது. மச்சான் தன் சிவப்புப் படகை அவசரமாக டாக்டரம்மாவின் துறைமுகத்துக்குள் ஒதுக்கினார்.

"உப்பு குடுக்கணுமா, வேணாமா?" என்றார் டாக்டரம்மா.

"புயலுக்கு ஒதுங்கினா எதுக்குங்க உப்பு? மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கலாம்" என்றார் சர்வேயர் மரியாதையாக. "ஆபத்துக்கு ஒதுங்கறதுதானே."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கிளம்பும்போது ஒரு உப்பு குடுக்கணும்."

"மாப்ளே, பேசாம தூங்குங்க."

"தூங்கிட்டுதான் இருக்கேன்."

இரண்டு சுற்று போயிற்று. சர்வேயரின் கை வடக்குப் பக்கத்துக் குறுகிய கடல்வழியில் நின்ற நீலப் படகை நோக்கி நகர்ந்தது. அந்தப் படகு அங்கே நிற்கிற வரைக்கும்தான் நீலத்துக்கு வாழ்வு. அதை எடுத்தால் சிவப்பு உள்ளே நுழைந்து மூன்று தீவையும் வாரிக்கொண்டு போய்விடும். பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும் என்பது நம்மவர் கட்சி. அவரிடமிருந்து ஒரு முனகல் கிளம்பியது.

"வலிக்குதாங்க?" என்றார் மனைவி.

சர்வேயர் படகைத் தூக்கினார்.

"அதை எடுக்காதீங்க" என்று நம்மவர் எழுந்துவிட்டார். போர்வை தோளிலிருந்து தரையில் புரள, ஈரத் துண்டு தலையில் ஒட்டியபடி இருக்க, மேஜைக்கு வந்து அட்டையின் மேல் குனிந்தார். "இதை எடுத்தா எங்க மச்சான் நேரா உள்ள வந்துடுவாரு. கயிறு ரெண்டு வச்சிருக்காரு. அப்பவே பாத்தேன்." அப்படியே ஓர் உருளைக்கிழங்கையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மச்சான் தங்கையைப் பார்த்தார். "இவருக்கு எப்பலேருந்தும்மா காய்ச்சல்?"

கேட்டாகிவிட்டது. மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "காய்ச்சல் இல்லண்ணா. களைப்பு."

மச்சான் முகம் சுருங்கியது. கோபக்காரர் இல்லை, அதனால் அந்தச் சுருக்கம் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மூன்று வாரம் கடலையை வறுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தவர் அல்லவா? நம்மவர் துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"களைப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன மாப்ளே?" என்றார் மச்சான்.

"தப்புதான் மச்சான். மதிக்க மாட்டீங்களோன்னு..."

"மதிக்கறதா? கும்பிட்டிருப்பேன். இன்னிக்கு ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள எட்டுப் பேரு. கையால சக்கரத்தைச் சுத்திச் சுத்தி மேல ஏத்தினேன். தோள்பட்டை கழண்டுபோச்சு. சாயங்காலம் பூரா போனை மடியில வச்சுக்கிட்டு உங்க மெசேஜுக்குத்தான் உக்காந்திருந்தேன். எப்படியும் நீங்க வரலைன்னு போடுவீங்க, போட்டதும் படுத்துடலாம்னு. நீங்க என்னடான்னா காய்ச்சல்னு போடறீங்க. காய்ச்சல்னா வந்து பாக்காம இருக்க முடியுமா? எப்படியும் வர்றோமேன்னுதான் சாரையும் கூப்பிட்டேன்."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அதுக்குத்தான் காத்திட்டிருந்தேன். ரெண்டு ஞானப்பல்லு புடுங்கினேன் இன்னிக்கு. கையைத் தூக்கவே முடியல."

ஆக, ஒரு சின்ன உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லோரும் அவரவர் வீட்டில் நிம்மதியாகக் கால் நீட்டியிருப்பார்கள். மரியாதையான ஒரு பொய்யைச் சொன்னதால் எல்லோரும் அலைந்து வந்து அவர் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான்தான் முதலில் சிரித்தார். சிரித்ததும் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். சர்வேயர் நீலப் படகைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப எல்லாருக்கும் இன்னிக்கு முடியல. நான் கிளம்பட்டுமா?"

"உங்களுக்குக் களைப்பே இல்லையா சார்?" என்றார் டாக்டரம்மா.

"கால் ரெண்டும் விட்டுப்போச்சுங்க. விடிஞ்சதுலேருந்து கருவியைத் தூக்கிட்டு வெயில்ல நடை." சற்று நிறுத்தினார். "இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. யாராவது என்னை வாங்கன்னு கூப்பிட்டது இதுக்கு மட்டும்தான். அதான் வேற எதையும் யோசிக்காம வந்துட்டேன்."

நம்மவருக்கு நாலு வாரத்துச் சோபாவும் ஒன்றாகச் சேர்ந்து முதுகில் குத்தியது. கூப்பிடப்படுவது என்ற ஒன்று அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்ததால், அது கிடைக்காமலும் இருக்கக்கூடிய பொருள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் சர்வேயரின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பெட்டியைத் துழாவிப் பச்சைப் படகுகளை எடுத்துத் தன் முன்னால் அடுக்கினார்.

"நீலத்தை நீங்களே வச்சுக்கங்க" என்றார். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்கிறவர் குரல். பிறகு, "ஆனா அந்தப் படகை மட்டும் அங்கருந்து எடுக்காதீங்க."

அன்றைக்கு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமில்லை. சர்வேயர்தான் ஜெயித்தார், நம்மவர் அதை இன்றுவரை தற்செயல் என்கிறார். காய்களைப் பெட்டியில் போடப் போனபோது ஒரு கை குறுக்கே வந்து மறித்தது. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்." டாக்டரம்மா சீட்டுகளைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தார். "ஏங்க, உங்களுக்குக் காய்ச்சல்" என்று மனைவி நினைவூட்டிய பிறகுதான் விடுதலை கிடைத்தது.

போகும்போது ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இனிமேல் முடியாவிட்டால் முடியவில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதன் பலன் அடுத்த வெள்ளிக்கிழமையே தெரிந்தது. மச்சான் "களைப்பு" என்று போட்டார். டாக்டரம்மா "எனக்கும்" என்றார். நம்மவர் ஆனந்தமாக "எனக்கும்தான்" என்று தட்டினார். கடைசியாகச் சர்வேயரிடமிருந்து ஒரு பதில் வந்தது. "பரவாயில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

நம்மவர் சோபாவில் சாய்ந்தார். கட்டில் செய்கிறவர் மேஜை செய்ய ஆரம்பித்திருந்தார். பார்த்தார், மனம் ஒட்டவில்லை. போனை எடுத்து அந்தப் பதிலை மறுபடி படித்தார். "இந்தப் 'பரவாயில்ல'யைப் பாரேன்" என்று மனைவியிடம் காட்டினார். "சுருக்குனு இல்ல?"

"பரவாயில்லன்னா பரவாயில்லன்னு அர்த்தம்."

"இல்ல. இது வேற பரவாயில்ல. அந்த மனுஷன் தனியா மாடியில உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருப்பாரு." சட்டையை மாட்டினார். எந்தக் கறுப்புச் சட்டைக்காரராலும் எழுப்ப முடியாதவர், தானாக எழுந்து, தானாகக் கதவைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தார். மச்சான் வீட்டு மாடிப்படியில் ஏறினால், பாதியில் கைப்பையோடு டாக்டரம்மா நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பரவாயில்லையைப் பாத்தீங்களாண்ணா? எனக்கு மனசே கேக்கல" என்றார். அவருக்கு மேலே, கதவுக்கு முன்னால், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கடலையுமாக மச்சான், முழங்கையால் மணியை அழுத்திக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கசங்கிய பனியனோடு, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருக்க, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு சர்வேயர் நின்றார். உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பாயின் மேல் போர்வை அப்போதுதான் விலக்கப்பட்டுக் கிடந்தது. மூன்று பேரையும் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வாட்டம் ஓடியது. நம்மவருக்கு அந்த வாட்டம் நன்றாகத் தெரியும். தன் முகத்திலேயே வருடக்கணக்காகப் பார்த்தது.

"நாங்க வந்துட்டோம்" என்றார் மச்சான், உடைந்த குரலில்.

"வாங்க, வாங்க" என்றார் சர்வேயர். "நானும் வரணும்னுதான் இருந்தேன்."

அந்த ஊரில் அவர் வேர் பிடித்துவிட்டார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வேண்டாதவர்கள் கூப்பிட்டால்தான் நாம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். வேண்டியவர்கள் வீட்டுக்குப் போகத்தான் நமக்குக் கால் வலிக்கிறது.

நமக்கு என்று சொன்னதில் உங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லையே? உங்களைச் சொல்வேனா? நீங்கள் களைப்பைப் பொருட்படுத்தாதவர். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்கிறவர். சாய்வான ஓர் இடத்தில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்து வந்திருக்கிறீர்களே, அதைப் பார்த்தாலே தெரிகிறது. யாரோ எங்கோ உங்களுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டுக் கிளம்பலாம்" என்றுதானே நினைத்தீர்கள்?

பக்கம் முடிந்துவிட்டது.